பிள்ளையின் முதல் மான் ரைஃபிள்: எந்தத் தோட்டா, எந்த அளவு?

நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் வியாழனுக்கு முந்தைய சனிக்கிழமை, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒன்பது நாள் மான் வேட்டை தொடங்கும். அன்று விடியற்காலை பெட்ரோல் பங்க், காபிக்கடை, நெடுஞ்சாலை ஓரம் என்று எங்கே பார்த்தாலும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிற உடைதான். பென்சில்வேனியாவில் வேட்டையின் முதல் நாள் ரொம்ப காலமாகத் தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த திங்களாக இருந்தது. பல பள்ளிக்கூடங்கள் அன்று லீவே விட்டுவிடும். 2019-ல் தொடக்கத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். அப்புறமும் அந்தத் திங்கள் லீவு பல ஊர்களில் போகவில்லை.

அங்கே குடியேறிய தமிழர்களுக்கு அலுவலகத்தில் இந்தப் பேச்சு வந்தே தீரும். கூட வேலை பார்ப்பவர் போனை நீட்டி, "என் மகள் முதல் மானைச் சுட்டுவிட்டாள்" என்பார். போட்டோவில் இருக்கும் சிறுமிக்குப் பத்து, பதினொரு வயது இருக்கும். நம்மில் சிலருக்கு அதிர்ச்சி, சிலருக்கு ஆர்வம். அங்கேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகளில் சிலர் நண்பனோடு நானும் போகட்டுமா என்று கேட்கவும் தொடங்கிவிட்டார்கள். அந்தக் கேள்வியோடு கடைக்குப் போனால் அலமாரி முழுக்க எண்கள்: .243, .308, 7மிமீ-08, 30-30, 6.5 கிரீட்மூர். இவற்றுக்கு என்ன அர்த்தம், பிள்ளைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது, ஏன் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் சட்டம், சுருக்கமாக. இது முழுக்க அமெரிக்காவின் கதை. இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அமெரிக்காவில் உரிமம் பெற்ற கடைக்காரர் 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு ரைஃபிள் விற்கக் கூடாது. ஆகவே வாங்குவதும் வைத்துக்கொள்வதும் அப்பா அம்மா. பிள்ளை அவர்கள் கண்முன்னே பயன்படுத்தும், அவ்வளவுதான். எத்தனை வயதில் வேட்டைக்குப் போகலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விஸ்கான்சினில் வழிகாட்டியோடு போகும் பிள்ளைக்குப் பத்து வயது ஆகியிருக்க வேண்டும் என்று இருந்த விதியை 2017-ல் எடுத்துவிட்டார்கள்; ஆனால் பெரியவர் கை எட்டும் தூரத்திலேயே இருந்தாக வேண்டும். வழிகாட்டி இல்லாமல் தானாக உரிமம் எடுக்க, 1973 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால் சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்த வகுப்புக்குப் பிள்ளையோடு அப்பா அம்மாவும் போய் உட்கார வேண்டும். துப்பாக்கியே பார்க்காத நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது பிள்ளையைவிட அதிகம் உதவும். (அந்த வகுப்புகளுக்கான பணத்தில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, வேட்டைக் கருவித் தயாரிப்பாளர்கள் கட்டும் வரியிலிருந்து.)

சரி, துப்பாக்கிக்கு வருவோம்.

உதைதான் முதல் கணக்கு

புதிதாக வாங்க வரும் அப்பாக்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "இது மானைக் கொல்லுமா?" என்பது. சுட்டுப் பழகியவர்கள் கேட்பது வேறு: "இது பிள்ளையை எவ்வளவு உதைக்கும்?"

காரணம் இருக்கிறது. வெள்ளைவால் மான் ரொம்பப் பெரிய விலங்கு அல்ல. வடக்கு மாநிலங்களில் நன்கு வளர்ந்த ஆண் மான் நூறு கிலோவை ஒட்டித் தேறும். தெற்கே போகப் போக உடம்பு சிறுக்கும். அதன் நெஞ்சுக்குள் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி ஏறக்குறைய ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். மான் வேட்டைக்கென்று விற்கும் எந்தத் தோட்டாவும் அந்த இடத்தில் பட்டால் மான் சில நொடிகளில் விழும். அந்த இடத்தில் படாவிட்டால், எவ்வளவு பெரிய தோட்டாவாக இருந்தாலும் வயிற்றில் காயத்தோடு மான் காட்டுக்குள் ஓடும். ராத்திரி முழுக்க டார்ச் அடித்து ரத்தத் துளியைத் தேடிக்கொண்டு அலைய வேண்டும். ஆக, எங்கே படுகிறது என்பதுதான் எல்லாம். பிள்ளை எங்கே சுடும் என்பதைக் கெடுக்கும் முதல் எதிரி உதை.

உதை எங்கிருந்து வருகிறது? குண்டும், அதன் பின்னால் எரிந்து வாயுவாகும் வெடிமருந்தும் முன்னால் பாய்கின்றன. அதே அளவு உந்தம் துப்பாக்கியைப் பின்னால் தள்ளுகிறது. குண்டு கனமாக இருந்தால், வேகமாகப் போனால், மருந்து அதிகமாக இருந்தால் தள்ளல் கூடும். துப்பாக்கி கனமாக இருந்தால் குறையும். அதை ஜூல் கணக்கில் போடலாம். ஸ்கோப்போடு (குறிபார்க்க மேலே மாட்டும் தொலைநோக்கி) சேர்த்து 3.4 கிலோ எடையுள்ள ஒரு ரைஃபிளை வைத்துக்கொண்டால், .243 தோட்டா தோளில் தருவது சுமார் 13 ஜூல். 6.5 கிரீட்மூரும் 7மிமீ-08-ம் 20-ஐ ஒட்டி. .308 என்றால் 24 பக்கம். தாத்தா காலத்திலிருந்து அமெரிக்க வீடுகளில் புழங்கும் 30-06 கனமான குண்டோடு 30-ஐத் தொடும். .300 வின்செஸ்டர் மேக்னம் 40-ஐத் தாண்டிவிடும். குண்டுக்குக் குண்டு இந்த எண்கள் கொஞ்சம் கூடும் குறையும், வரிசை மாறாது.

எண்பது கிலோ ஆளுக்கு 30 ஜூல் என்பது தோளில் ஒரு நல்ல இடி, அவ்வளவுதான். முப்பத்தைந்து கிலோ பிள்ளைக்கு அது முழு உடம்பையும் பின்னால் தள்ளும் அடி. ஒருமுறை வலித்தால் போதும். அடுத்த முறை விசையை அழுத்தும் முன்பே பிள்ளையின் கண் மூடும், தோள் முன்னால் குறுகும், குழல் கீழே இறங்கும். இது பயந்தாங்கொள்ளித்தனம் அல்ல. உடம்பு தானாகச் செய்வது. புத்தி சொல்லித் திருத்த முடியாது. ஒருதடவை ஒட்டிக்கொண்டால் பெரியவர்களுக்கே போக வருடக் கணக்காகும்.

இங்கேதான் பலர் விழும் ஒரு குழி இருக்கிறது. சின்னப் பிள்ளைக்குச் சின்ன, லேசான துப்பாக்கி என்று 2.7 கிலோ ரைஃபிளை எடுப்பார்கள். பழக்கமான தோட்டா ஆயிற்றே என்று அதில்.308 கேட்பார்கள். கணக்குப் போட்டால் அந்தத் துப்பாக்கியின் உதை 30 ஜூல் வந்துவிடும். அப்பா தன் கனமான 30-06-ல் வாங்கும் அடியை, அப்பாவின் பாதி எடைகூட இல்லாத பிள்ளை வாங்கும். லேசான துப்பாக்கி வேண்டுமென்றால் மென்மையான தோட்டா வேண்டும். இரண்டையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

எண்களைப் படிப்பது எப்படி

தோட்டா என்பது நாலு பொருள் சேர்ந்தது: முன்னால் குண்டு, பித்தளைக் கூடு, கூட்டுக்குள் மருந்து, அடியில் தீப்பொறி கொடுக்கும் பிரைமர். பெயரில் வரும் எண் பெரும்பாலும் குண்டின் அல்லது குழலின் குறுக்களவு. .243 என்றால் குண்டின் அகலம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்துக்கு 243 பங்கு, அதாவது 6 மில்லிமீட்டரை ஒட்டி. .308 என்றால் ஏறக்குறைய 7.8 மில்லிமீட்டர். பெயரின் மீதிப் பகுதிக்கு விதியே கிடையாது. 30-06-ல் வரும் 06 என்பது 1906-ல் அமெரிக்க ராணுவம் அதை ஏற்ற ஆண்டு. 30-30-ன் இரண்டாவது முப்பதோ அந்தக் காலத்தில் போட்ட மருந்தின் எடை, கிரெய்ன் அளவில். கிரீட்மூர் என்பது துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் பேர்போன இடம். ஆகவே பெரிய எண் என்றால் பலமான தோட்டா என்று நினைத்துவிடக் கூடாது. 7மிமீ-08-க்கும் .308-க்கும் கூட்டின் அடிப்பாகம் ஒன்றேதான். கழுத்தை மட்டும் குறுக்கியிருக்கிறார்கள்.

.243 வின்செஸ்டரும் அதே குடும்பம். .308 வந்தது 1952-ல். அதன் கழுத்தை 6 மில்லிமீட்டருக்குக் குறுக்கி 1955-ல் வின்செஸ்டர் கம்பெனி.243-ஐக் கொண்டுவந்தது. 100 கிரெய்ன், அதாவது 6.5 கிராம் குண்டை நொடிக்குச் சுமார் 900 மீட்டர் வேகத்தில் அனுப்பும். பாதை கிட்டத்தட்ட நேர்கோடாக இருப்பதால், நூறு கஜத்துக்குள் "கொஞ்சம் மேலே பிடி" என்றெல்லாம் பிள்ளைக்குக் கணக்குச் சொல்ல வேண்டாம். உதை குறைவு, எந்தச் சிற்றூர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும், சிறுவர் அளவில் வரும் ரைஃபிள்களில் இது இல்லாத மாடல் அபூர்வம். எழுபது வருடமாக அமெரிக்கப் பிள்ளைகளின் முதல் மான் தோட்டா என்று இது பெயர் வாங்கியிருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. முதல்முறை வாங்குபவர் குழம்பி நின்றால் நான் கைகாட்டுவது இதைத்தான்.

அதற்காக .243-ல் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். குண்டு சின்னது. மான் கோணலாக நிற்கும்போது தோள் எலும்பை உடைத்துக்கொண்டு ஊடுருவ அதற்குத் திணறல் உண்டு. மான் பக்கவாட்டில் நிற்கும்வரை காத்திருக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு இது பிரச்சினை இல்லை. அவசரக்காரப் பிள்ளைக்குப் பிரச்சினை.

பிள்ளை பன்னிரண்டு, பதிமூன்று வயதில் கொஞ்சம் வளர்த்தியாக இருந்தால் 7மிமீ-08 ரெமிங்டனோ 6.5 கிரீட்மூரோ யோசிக்கலாம். முன்னது 1980-ல் கடைக்கு வந்தது, பின்னது 2007-ல் ஹார்னடி கம்பெனி கொண்டுவந்தது. இரண்டுமே .308-ஐவிட மென்மை, .243-ஐவிடக் கனமான குண்டு. கல்லூரி முடித்து எல்க் மான் தேடிப் போகும் நாளிலும் அதே துப்பாக்கி தாங்கும். இந்த இரண்டில் எது என்று இணையத்தில் ராப்பகலாகச் சண்டை போடுவார்கள். நூறு கஜத்தில் நிற்கும் மானுக்கு வித்தியாசம் தெரியாது. உள்ளூர்க் கடையில் எந்தத் தோட்டா எப்போதும் இருக்கிறதோ அதை எடுங்கள்.

30-30 பழைய ஆள், 1895-லிருந்து இருக்கிறது. லீவர் இழுத்துச் சுடும் அந்தக் குட்டைத் துப்பாக்கிகள் அடர்ந்த காட்டுக்கு அருமை, உதையும் அளவுதான். தாத்தா வீட்டில் ஒன்று சும்மா கிடந்தால் பிள்ளைக்கு அதைக் கொடுக்கத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். எனக்குத் தயக்கம் அதன் சுத்தியலில். பழைய மாடல்களில் சுடாமல் விட்டுவிட நினைத்தால், இழுபட்டு நிற்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டே விசையை அழுத்தி மெதுவாக இறக்க வேண்டும். உள்ளே தோட்டா இருக்கிறது. பனியில் விரைத்த சின்ன விரல், மேலே தடித்த கையுறை. நழுவினால் வெடிக்கும். அந்த வேலையைப் பெரியவர் செய்வதாக இருந்தால் மட்டும் சரி.

ஒஹையோ மாதிரி சமவெளியும் குடியிருப்பும் அதிகமுள்ள மாநிலங்களில் சட்டமே தேர்வைச் சுருக்கிவிடும். ரைஃபிள் என்றால் கழுத்துக் குறுகாத நேர்ச்சுவர்க் கூடுள்ள தோட்டாக்களை மட்டும்தான் மான் வேட்டைக்கு அங்கே அனுமதிக்கிறார்கள், அதுவும் 2014-லிருந்துதான். அவற்றின் குண்டு சீக்கிரம் வேகம் இழந்து தரையில் விழுந்துவிடும் என்பது நோக்கம். அங்கே பிள்ளைக்கு ஏற்றது 2019-ல் வின்செஸ்டர் கொண்டுவந்த .350 லெஜண்ட், உதை.243-க்குப் பக்கத்தில்தான் இருக்கும். குறைந்தபட்ச அளவிலும் மாநில விதி உண்டு. கொலராடோவில் .24-க்குக் கீழே மானைச் சுட முடியாது, வர்ஜீனியாவில் .23. உதை சொற்பம் என்று பலர் பிள்ளைக்குக் கொடுக்க நினைக்கும் .223 இந்த இரண்டு மாநிலத்திலும் வெளியே. அனுமதி உள்ள மாநிலத்திலும் முதல் மானுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். சரியான குண்டு, சரியான கோணம், சரியான தூரம் மூன்றும் ஒருசேர அமைந்தால்தான் அது வேலை செய்யும், பிழைக்கு இடமே தராது.

தோளுக்கு ஏற்ற கட்டை

தோட்டாவைப் பற்றி ஆறு மாதம் படிக்கும் அப்பாக்கள், துப்பாக்கியைத் தோளில் தாங்கும் கட்டையின் நீளத்தை ஒரு நிமிடம்கூட அளந்து பார்ப்பதில்லை. விசைக்கும் பின்கட்டையின் கடைசிக்கும் உள்ள தூரம்தான் அந்த அளவு. பெரியவர்களுக்கான ரைஃபிள்களில் அது பதின்மூன்றரை அங்குலத்தை ஒட்டி இருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டரை.

அளப்பது எளிது. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை முதலில் அப்பாவும் அப்புறம் பிள்ளையும் பார்த்து உறுதி செய்ய வேண்டும். பிள்ளை முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கி, பின்கட்டையை முழங்கை மடிப்பில் வைக்கட்டும். ஆள்காட்டி விரலின் முதல் ரேகை விசையைச் சுலபமாகத் தொட்டால் அளவு ஏறக்குறைய சரி. விரல் எட்டாமல் கை நீண்டால் கட்டை அதிகம். இதை டி-ஷர்ட்டில் செய்துவிட்டு வந்துவிடக் கூடாது. வேட்டை நடப்பது உறையும் குளிரில், தடித்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு. ஜாக்கெட்டே ஓர் அங்குலம் சேர்த்துவிடும்.

கட்டை நீண்டால் என்ன ஆகும்? பிள்ளை பின்கட்டையைத் தோள்குழியில் வைக்க முடியாமல் புஜத்துக்கு நகர்த்தும், இடுப்பை வளைத்துப் பின்னால் சாயும், கழுத்தை நீட்டி ஸ்கோப்பைத் தேடும். சுட்டதும் அடி எலும்பில் விழும், ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் பிறை வடிவில் வெட்டும். அந்தப் பிறைத் தழும்போடு திரியும் வேட்டைக்காரர்களை அமெரிக்காவில் எந்த ஊரிலும் பார்க்கலாம். .243 வாங்கிக் கொடுத்தும் பிள்ளை உதைக்கிறது என்று அழுதால், தோட்டாவைக் குறை சொல்வதற்கு முன்னால் கட்டையை அளந்து பாருங்கள்.

கம்பெனிகள் இதற்கென்றே சிறிய மாடல்கள் விடுகின்றன. ரூகர் அமெரிக்கன் காம்பாக்ட், சாவேஜ் ஆக்சிஸ் காம்பாக்ட், மாஸ்பர்க் பேட்ரியட் சூப்பர் பான்டம் ஆகியவை கடைகளில் எளிதாகக் கண்ணில் படுபவை. மாஸ்பர்க்கில் கட்டைக்குள் சொருகும் ஒரு துண்டு வரும். பிள்ளை வளர வளர அதைச் சேர்த்து நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம். மற்றதில் வளர்ந்தபின் பெரிய கட்டை வாங்கி மாற்ற வேண்டும், குழலும் இயந்திரமும் அதேதான். சிலர் தன்னுடைய பழைய ரைஃபிளின் மரக்கட்டையை வெட்டிக் கொடுப்பார்கள். மலிவான வழி, நல்ல ரப்பர் பட்டை ஒன்றைப் பின்னால் ஒட்டினால் அருமையான வழியும்கூட.

கூடவே எந்தக் கண் என்றும் பார்க்க வேண்டும். பிள்ளை இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவில் சின்ன ஓட்டை விட்டு, இரு கண்ணையும் திறந்தபடி தூரத்தில் இருக்கும் ஒரு பொருளை அதன் வழியாகப் பார்க்கட்டும். பிறகு கையை மெல்ல முகத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஓட்டை எந்தக் கண்ணுக்கு வந்து சேருகிறதோ அதுதான் ஆளும் கண். வலது கையால் எழுதும் பிள்ளைக்கு இடது கண் ஆளுவது சகஜம். அப்படியானால் ஆரம்பத்திலேயே இடது தோளில் பழக்குவது நல்லது. இடதுகைக்காரர்களுக்கான போல்ட் உள்ள மாடல்களும் இருக்கின்றன.

இயந்திரம், ஸ்கோப், காது

இயந்திரத்தில் அதிகம் யோசிக்க ஒன்றும் இல்லை. போல்ட் ஆக்‌ஷன் வாங்குங்கள். கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால் துப்பாக்கி திறந்துவிடும். தோட்டா இருக்கிறதா இல்லையா என்று பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும். முதல் வருடம் ஒரே ஒரு தோட்டா போடுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளை நிதானிக்கும். நடுவில் மடித்துத் திறக்கும் ஒற்றைத் தோட்டா ரைஃபிள்களும் மலிவு, எளிமை. ஆனால் அவற்றில் பலவற்றுக்கு வெளியே சுத்தியல் உண்டு, 30-30-க்குச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

ஸ்கோப்பில் 2-7 அல்லது 3-9 மடங்கு பெரிதாக்கும் சாதாரண வகை போதும். அதையும் மிகக் குறைந்த மடங்கிலேயே வைத்திருக்க வேண்டும். ஒன்பது மடங்கில் பார்த்தால் பிள்ளைக்கு மானின் ஒரு பக்கத்து ரோமம்தான் தெரியும், மான் எங்கே என்று தேடிக்கொண்டே இருக்கும். அதற்குள் அது போய்விடும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே ஒன்பது, பத்து சென்டிமீட்டர் இடைவெளி வரும்படி, பிள்ளையின் கழுத்துக்கு ஏற்ப, ஸ்கோப்பைப் பொருத்த வேண்டும். அப்பாவின் கழுத்துக்கு அல்ல.

காதுக்கு வருவோம். ரைஃபிள் வெடிக்கும் சத்தம் 160 டெசிபல் பக்கம். ஒரே வெடியில் கேட்கும் திறன் நிரந்தரமாகக் குறைய வாய்ப்புண்டு. அதோடு, பிள்ளைகள் உதை என்று மிரள்வதில் பாதி, சத்தத்தால்தான். சுடுதளத்தில் காதுக்குள் அடைப்பானும் அதற்கு மேல் மூடியும், இரண்டும் போடுங்கள். காட்டில் மின்னணு மூடி உதவும். கிசுகிசுப்பைப் பெரிதாக்கிக் கொடுக்கும், வெடியை அடைத்துவிடும். குழல் முனையில் துளைகளோடு மாட்டும் பிரேக் உதையை நன்றாகக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் சத்தத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் காது அங்கேதான் இருக்கிறது. தோட்டாவை மாற்றித் தீர்க்க வேண்டிய விஷயத்தைப் பிரேக் போட்டுத் தீர்ப்பது எனக்குப் பிடித்தமில்லை.

பெட்டியைப் படித்து வாங்குங்கள்

.243-க்கு இரண்டு வகைக் குண்டு விற்பார்கள். 55, 58 கிரெய்ன் எடையில் வருபவை கயோட்டி, பிரெய்ரி நாய் மாதிரி சின்ன விலங்குகளுக்கு. பட்டதும் மேலோட்டமாகச் சிதறிவிடும். அதையே மான்மேல் சுட்டால் தோளில் ஆழமில்லாத பெரிய காயம் மட்டும் மிஞ்சும், மான் ஓடிவிடும். மானுக்கு 95, 100 கிரெய்ன் ஈயக்குண்டு, அல்லது 80, 85 கிரெய்ன் முழுச் செம்புக்குண்டு. பெட்டியின் மேலேயே பெரும்பாலும் மான் படம் இருக்கும். படத்தை நம்பாமல் எண்ணைப் பாருங்கள்.

செம்பா ஈயமா என்றால் பிள்ளைகள் சாப்பிடும் வீட்டில் நான் செம்பு பக்கம். ஈயக்குண்டு உடம்புக்குள் உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்திலிருந்து தள்ளியும் இறைச்சியில் பரவுகின்றன. 2008-ல் வடக்கு டகோட்டா மாநிலத்தில், ஏழைகளுக்கு நன்கொடையாக வந்த மானிறைச்சியில் ஈயம் தெரிந்து அதைக் கொடுக்க வேண்டாம் என்று சுகாதாரத் துறை சொன்னது. கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக்குண்டே கூடாது. செம்பு விலை கூடுதல்தான். பிள்ளையின் ரைஃபிளில் அதற்கு இன்னொரு லாபமும் உண்டு: செம்பு உடையாமல் ஊடுருவுவதால் லேசான குண்டே போதும், லேசான குண்டு என்றால் உதையும் குறையும்.

பூட்டு

அமெரிக்காவில் 1 முதல் 19 வயதுள்ளோரின் இறப்புக்கான காரணங்களில் 2020-ல் துப்பாக்கி முதலிடத்துக்கு வந்தது. கார் விபத்தை முந்திவிட்டது. கொலை, தற்கொலை, தவறுதலாக வெடித்தது எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். அதனால், பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தாலும் துப்பாக்கி பிள்ளையின் அறையில் இருக்கக் கூடாது. தோட்டா நீக்கி, இரும்புப் பெட்டியில் பூட்டி, தோட்டாக்களை வேறொரு பெட்டியில் பூட்டி, இரண்டு சாவியும் பெரியவர் கையில். பூட்டின் எண் பிள்ளைக்குத் தெரியக் கூடாது. "என் பையன் பொறுப்பானவன்" என்பார்கள். இருக்கலாம். அவனைப் பார்க்க வரும் நண்பனும் பொறுப்பானவன் என்று யார் சொல்வது? பதின்வயதுப் பிள்ளையின் மனசு ஒருநாள் போல ஒருநாள் இருப்பதும் இல்லை. பெட்டிக்கு 200, 300 டாலர் ஆகும். துப்பாக்கிக்குப் போட்ட பட்ஜெட்டில் அதை முதலில் கழித்துவிட்டு மீதிக்கு ரைஃபிள் தேடுங்கள்.

பழக்குவது

மான் ரைஃபிளை வாங்கிய அன்றே பிள்ளை கையில் கொடுத்துச் சுட வைப்பது ஆகாத வேலை. முதலில் .22 லாங் ரைஃபிள். உதை என்று சொல்லவே ஒன்றும் இல்லாத, சத்தம் குறைந்த, விலை மலிவான சின்னத் தோட்டா. 1887-லிருந்து அமெரிக்கப் பிள்ளைகள் பழகுவது இதில்தான். மூச்சை விடுவது, விசையை மெல்ல அழுத்துவது, குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்திருப்பது, சுடும் நொடிவரை விரலை விசைக்கு வெளியே வைப்பது, மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது எல்லாம் இதிலேயே ஊறிவிட வேண்டும். (மானுக்கு .22 லாங் ரைஃபிள் ஆகாது, பழகுவதற்கு மட்டும்.)

மான் ரைஃபிளின் ஸ்கோப்பை நேர்செய்யும் வேலை அப்பாவுடையது. மேஜையில் உட்கார்ந்து சுடும்போது உடம்பு பின்னால் ஆட இடமில்லாமல் உதை முழுக்கத் தோளில் இறங்கும். இருபது முப்பது தோட்டா அப்படிச் சுட்டுப் பிள்ளையின் தோளைப் பழுக்க வைக்க வேண்டாம். ஸ்கோப் சரியானபின், தரையில் உட்கார்ந்து முக்காலியில் குழலைச் சாய்த்துப் பிள்ளை நாலைந்து தோட்டா சுடட்டும். அன்றைக்கு அது போதும். மீதி நேரம் .22.

பிள்ளை மிரள்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. அப்பா முதுகைக் காட்டித் திரும்பி நின்று, சிலமுறை நிஜத் தோட்டாவும் சிலமுறை மருந்தில்லாத பிளாஸ்டிக் தோட்டாவும் போட்டு மூடிப் பிள்ளையிடம் கொடுப்பார். உள்ளே எது என்று பிள்ளைக்குத் தெரியாது. பிளாஸ்டிக் இருந்தால் விசையை அழுத்தியதும் வெறும் "டிக்". அப்போது குழலின் முனையைப் பாருங்கள். அசையாமல் நின்றால் பிள்ளை தயார். முனை சட்டென்று கீழே குத்திட்டு, கண் இறுக மூடி, தோள் காதுவரை எழும்பினால், வராத உதைக்கு உடம்பு தயாராகிவிட்டது என்று அர்த்தம். திட்டாமல் மான் ரைஃபிளை உறையில் போட்டுவிட்டு .22-க்குத் திரும்புங்கள். அந்த வருடம் பிள்ளை அப்பா பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பார்க்கட்டும், அதுவும் வேட்டைதான்.

வேட்டைக்கு முந்தின வாரம் எவ்வளவு தூரம்வரை பிள்ளை சுடலாம் என்று முடிவு செய்ய வேண்டும். அமெரிக்கர்கள் இதற்குக் காகிதத் தட்டு எடுத்துக்கொள்வார்கள், பிக்னிக்கில் சாப்பிடும் ஒன்பது அங்குலத் தட்டு. மானின் நெஞ்சுப்பகுதி ஏறக்குறைய அந்த அளவு. ஐம்பது கஜத்தில் ஒரு தட்டைக் குத்தி, வேட்டையில் எப்படி உட்காரப் போகிறதோ அப்படியே, ஜாக்கெட்டும் கையுறையும் போட்டுப் பிள்ளை ஐந்து தோட்டா சுடட்டும். ஐந்தும் தட்டில் விழுந்தால் எழுபத்தைந்து கஜம், அப்புறம் நூறு. ஒன்று வெளியே போனாலும் முந்தைய தூரம்தான் அந்தப் பருவத்தின் எல்லை. மறைவிடத்தில் உட்காரும் முன் அந்தத் தூரத்தில் இருக்கும் ஒரு மரத்தையோ கல்லையோ பிள்ளைக்குக் காட்டிவிடுங்கள். அதற்கு அப்பால் எவ்வளவு பெரிய கொம்போடு மான் வந்து நின்றாலும், விசையைப் பூட்டி வைக்கும் சேஃப்டி போட்டபடியே இருக்கும்.